காற்று வரட்டும் என்று

பிப்ரவரி 3

அண்ணா,

போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். மூன்று வருடமாக என் நம்பரை என்ன பேரில் சேமித்து வைத்திருக்கிறாயோ, அதுவும் தெரியாது. கடிதம் கத்தாது என்று அப்பா சொல்வார். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் முழுசாகப் படித்துவிட்டுக் கிழி.

போன வாரம் அண்ணி என்னிடம் பேசினார். உனக்குத் தெரியாமல்தான். அவரைக் கோபிக்காதே. நான்காம் மாதம் நடக்கிறது என்றார். நல்ல செய்தியை யாராவது இவ்வளவு தணிந்த குரலில் சொல்வார்களா? இரண்டு தடவை கலைந்த பிறகு மூன்றாவதைச் சத்தமாகச் சொல்லவே அவருக்குப் பயம். "முதல்ல தங்கட்டும், அப்புறமா எல்லாருக்கும் சொல்லிக்கலாம்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. போனை வைத்த பிறகு பயம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதம் வேலை விஷயமாக ஒரு இறுதிச்சடங்கு நிலையத்தில் காற்றை அளக்கப் போயிருந்தேன். அச்சு அசலாக நம்முடையது மாதிரியே. முன்னால் பார்வைக்கூடம், பின்னால் எம்பாமிங் செய்கிற அறை, மேலே குடித்தனம். உடல் கெடாமலிருக்க ஏற்றுகிற அதே ஃபார்மலின், அதே எவர்சில்வர் மேஜை. அங்கே பதினொரு வருடமாக வேலை பார்க்கும் அம்மா, "இங்க வாசனையே கிடையாதும்மா, வேணும்னா மோந்து பாரு" என்றார். உள்ளே கால் வைத்ததுமே எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கருவி வரம்பைப் போல மூன்று மடங்கு காட்டியது. அந்த அம்மாவின் மூக்கு எப்போதோ செத்துப் போயிருந்தது. அது அவருக்கே தெரியவில்லை. சிரித்துக்கொண்டே நின்றார். அந்தச் சிரிப்பு என் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அந்த ஆவி என்னென்ன செய்யும் என்று உனக்கு வகுப்பெடுக்கப் போவதில்லை. மூக்கு, தொண்டை, நெஞ்சு. புற்றுநோய் வரவழைக்கும் பொருள்களின் பட்டியலிலும் அதன் பேர் இருக்கிறது. கர்ப்பிணிகளை அதன் பக்கமே விடாதீர்கள் என்றுதான் நாங்கள் போகிற இடமெல்லாம் எழுதிக் கொடுக்கிறோம்.

ஒரே ஒரு காரியம் செய். இதோடு ஒரு பேட்ஜ் இருக்கிறது, காற்றில் கலந்திருக்கும் ஆவியைப் பிடித்து வைப்பது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. பேட்டரி கிடையாது, சத்தமும் போடாது. வேலைக்கு இறங்கும்போது உறையைப் பிரித்து காலரில் மாட்டிக்கொள். எட்டு மணி நேரம் கழித்துக் கழற்றி, அதே உறையில் போட்டு ஒட்டி எனக்கு அனுப்பு. நான் இங்கே பரிசோதித்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. அண்ணி பின்னறைப் பக்கமே வர வேண்டாம். பூ வைக்கிறேன், நாற்காலியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று இறங்கி வந்துவிடுவார். மாடியறையிலேயே இருக்கச் சொல். அப்பா கடைசியில் இருந்த அறைதானே, பெரிய ஜன்னல். அதை நன்றாகத் திறந்து வைக்கச் சொல், நல்ல காற்று வரட்டும்.

தங்கை


பிப்ரவரி 13

மூக்கிக்கு,

வீட்டில் எந்த மூலையில் எது அழுகினாலும் முதலில் கண்டுபிடிக்கிறவள் நீ என்று அப்பா வைத்த பேர். அதையே பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டாய். சந்தோஷம். இப்போது அந்த மூக்கை என் வீட்டுக்குள் நுழைக்கிறாய். அதுதான் சந்தோஷமாக இல்லை.

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். உன் அண்ணியையும் கோபிக்கவில்லை. உன்னிடம் சொல்லாதே என்று நான் சொல்லவே இல்லையே. அவளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நீ செய்ததை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். அப்பாவின் பெட்டியை மூடப் போகிறோம். கூடம் நிறைய ஆட்கள். நான் என் கையாலேயே அப்பாவைத் தயார் செய்து, முகத்தில் அந்தக் கட்டி இருந்த இடம் தெரியாமல் சரிசெய்து கொண்டுவந்து வைத்திருக்கிறேன். யாருக்கும் அந்த வேலை வரக்கூடாது. அப்போது நீ, "இந்தப் பின்னறைதான் அப்பாவைக் கொன்னுச்சு, நீ கூட நின்னு வேடிக்கை பார்த்தே" என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். இனி இந்த வாசற்படியை மிதிக்காதே என்று நான் சொன்னது அதற்குப் பிறகுதான். ஊருக்கெல்லாம் இரண்டாவது பாதிதான் ஞாபகம் இருக்கிறது.

இவ்வளவு கவலைப்படுகிறாயே, கேட்டுக்கொள். கையுறை உண்டு. ஏப்ரன் உண்டு. கண் கழுவுகிற குழாய் உண்டு. பாதுகாப்பு விதிகள் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. கதவைத் திறந்தால் கதவுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும், அது வேறு விஷயம். நவம்பரில் ஆய்வாளர் வந்தார். கதவை மூடி அந்தப் பலகை இருக்கிறதா என்று பார்த்தார், டீ குடித்தார், கையெழுத்துப் போட்டார். காற்றை வெளியே தள்ளுகிற ஃபேனும் ஓடுகிறது. சிவப்பு விளக்கு எரியும்போது மட்டும் நிறுத்துவேன்.

அதை நீ மறந்திருக்க மாட்டாய். கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். குடும்பத்தார் கடைசியாக முகம் பார்க்க உள்ளே வந்ததும் வரவேற்பறை அக்கா ஸ்விட்சைப் போடுவார், பின்னறையில் சிவப்பு விளக்கு எரியும். நான் ஃபேனை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் அடுத்த வேலையைப் பார்ப்பேன். அழுகிறவர்கள் காதில் மெஷின் சத்தம் விழக்கூடாது. அப்பா வைத்த பழக்கம். முப்பது வருடத்தில் ஒருத்தர்கூட நம்மைக் குறை சொன்னதில்லை.

வாசனையும் கிடையாது. உன் கதையில் வரும் அம்மாவோடு என்னைச் சேர்க்காதே, எனக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. நேற்றுக்கூட அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியதாம். உன் அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்து அணைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னை முறைத்தாள். படிக்க உட்கார்ந்தால் எனக்கு உலகமே தெரியாது, உனக்குத் தெரியுமே.

நீ கேட்ட பேட்ஜ் இதற்குள் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மாட்டி மாலை நாலு மணிக்குக் கழற்றினேன். அன்றைக்கு மூன்று பேருக்கு வேலை இருந்தது. பரிசோதித்துப் பார்த்து உன் மனசை ஆற்றிக்கொள்.

உன் அண்ணி மாடியில்தான் இருக்கிறாள். நீ சொன்னதையும் சொன்னேன். காலையில் எழுந்ததும் ஜன்னலைத்தான் திறக்கிறாள்.

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணா,

முடிவு வந்துவிட்டது. முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்கிற இடத்துக்கு ஒரு நாளைக்கு அனுமதித்த அளவை நூறு என்று வைத்துக்கொள். உன் பேட்ஜ் தொண்ணூற்று நான்கு.

வரம்புக்குள் இருக்கிறது.

நான் முந்நூறை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஃபேனை நிறுத்தி நிறுத்தி வேலை செய்கிறேன் என்று நீயே எழுதியிருந்தாய். அதனால் தாளைப் பார்த்ததும் என்னால் நம்ப முடியவில்லை, இன்னொரு தடவை பரிசோதிக்கச் சொன்னேன். அதே தொண்ணூற்று நான்கு. கூட வேலை பார்ப்பவர் எட்டிப் பார்த்து, "மூணு பாடி செஞ்ச நாள்ல இதுவா? பரவாயில்லையே, உங்க அண்ணன் சுத்தமா வேலை பார்க்கறவர்போல" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு எண்ணை அளந்து பார்க்காமலே நூறு பேர் முன்னால் உன்னைக் குற்றவாளி ஆக்கினேன். தொழிற்சாலைக்காரர்களிடம் "அளக்காம எதையும் பேசாதீங்க" என்று தினமும் சொல்கிறவள் நான். அப்பாவுக்கு வந்தது எதனால் வந்தது என்று எந்த டாக்டராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நான் சொன்னேன். அதுவும் பெட்டி திறந்திருக்கும்போது. மன்னிச்சுக்கோ அண்ணா. இதை நேரில் சொல்ல வேண்டும். எழுதவாவது செய்கிறேன்.

இதற்காக எல்லாம் சரியென்று விட்டுவிடாதே. தொண்ணூற்று நான்கு என்பது வேலைக்கு வரும் திடகாத்திரமான ஆளுக்கு, எட்டு மணி நேரத்துக்கு. குடியிருக்கும் வீட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கலாம். தூங்குவதும் உண்பதும் அங்கேதானே. அண்ணி பின்னறை வாசலில்கூட நிற்க வேண்டாம். மாடியறைதான் அவருக்குப் பத்திரமான இடம். ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

நீயும் சாதாரணத் துணி முகமூடியை நம்பாதே, அது ஆவியைத் தடுக்காது. வடிகட்டி வைத்த முகமூடி இரண்டு வாங்கி அனுப்புகிறேன். திருப்பி அனுப்பி என் மனசை உடைக்காதே.

மூக்கி


மார்ச் 2

மூக்கி,

உன் கடிதம் இன்று காலை வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்த இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பிறகு மீதியைப் படித்தேன். அதற்குப் பிறகு எழுந்திருக்கவே முடியவில்லை.

அந்த பேட்ஜ் பின்னறையில் இருக்கவில்லை.

உன்மேல் இருந்த கோபத்தில் செய்தேன். இவள் என்ன என் சட்டையில் மெஷின் மாட்டி என்னைச் சோதிப்பது என்று. காற்று எங்கே சுத்தமாக இருக்குமோ அங்கே மாட்டுவோம், பூஜ்யம் என்று வரும், அதைக் கண்ணாடி போட்டு உனக்கே அனுப்பி உன் மூக்கை உடைப்போம் என்று நினைத்தேன். வீட்டிலேயே காற்றோட்டமான இடம் எது என்று யோசித்தேன். மாடியறை ஜன்னல் கம்பியில் மாட்டினேன். காலை எட்டு முதல் நாலு வரை அங்கேதான் இருந்தது.

உன் அண்ணியின் தலையணையிலிருந்து இரண்டு முழம்.

பத்தில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அங்கே பத்துக்குக் கீழே இருந்திருக்க வேண்டும். தொண்ணூற்று நான்கு என்கிறாய். நான் கணக்கில் மோசம், ஆனால் இது எனக்குப் புரிகிறது.

ஜன்னலை எட்டிப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே ஒரு கை தூரத்தில் பின்னறை ஃபேனின் தகரக் குழாய் வாய் திறந்து நிற்கிறது. தினமும் இருந்த குழாய்தான். இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் திறந்திருக்கிறது. மூடலாமா, எழுப்பலாமா, எழுப்பி என்ன சொல்வது என்று எதுவும் தெரியவில்லை. ஃபேனை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

அண்ணன்


மார்ச் 5

அண்ணா,

இதை ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன். பதினோரு தடவை போன் செய்துவிட்டேன். எடு.

அண்ணியை அவர் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. இன்றைக்கே. துணிமணி எடுக்கிறேன் என்று அந்த அறைக்குள் போக விடாதே. டாக்டரிடம் இந்த எண்ணைச் சொல், என் கடிதத்தையே காட்டு. பின்னறையைப் பூட்டு. உடல்கள் வந்தால் வேறு நிலையத்துக்கு அனுப்பு, யார் என்ன பேசினாலும் சரி.

ஒரு வேலையறையின் காற்று முழுவதையும் படுக்கையறை ஜன்னலுக்கு அடியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். எனக்கு ஞாபகம் தெரிந்து அந்தக் குழாய் முன்பக்கம் முற்றத்தைப் பார்த்துத்தான் இருந்தது. எந்த மூளையில்லாத ஜென்மம் அதைத் திருப்பியது? கண்டுபிடி. அந்த ஆளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்து, நான் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்கிறேன்.

உன்னைத் திட்டத்தான் நினைத்தேன். முடியவில்லை. ஒன்று மட்டும் தலைக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. சொன்னபடி நீ அதைக் காலரில் மாட்டியிருந்தால், பின்னறையில் முந்நூறு வந்திருக்கும். அப்போதும் நான் அண்ணியை மாடியிலேயே இரு, ஜன்னலைத் திறந்து வை என்றுதான் எழுதியிருப்பேன். நீ ஏமாற்றியதால்தான் தெரிந்தது.

போனை எடு.

மூக்கி


மார்ச் 14

மூக்கி,

போனில் நாம் பேசியதைவிட மூச்சு விட்டதுதான் அதிகம். அதனால் மறுபடியும் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரிசைப்படி வருகிறது.

உன் அண்ணி அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். டாக்டர் பார்த்தார். குழந்தையின் இதயத் துடிப்பு சரியாக இருக்கிறது, வளர்ச்சி சரியாக இருக்கிறது என்றார். முன்னால் போன இரண்டும் இதனாலா என்று கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதை இனிமே யாராலும் சொல்ல முடியாது. இனிமே அந்த அறையில இருக்கக் கூடாது, அது மட்டும் நிச்சயமாச் சொல்வேன்" என்றார்.

அவளிடம் நான் காரில் வைத்துத்தான் சொன்னேன். எண், குழாய், பேட்ஜ், எல்லாம். முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில், "அப்ப அந்த ரெண்டு?" என்று மட்டும் கேட்டாள். நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பதில் சொல்ல நிறுத்தவில்லை, ஓட்ட முடியாமல் நிறுத்தினேன்.

அவளை விட்டுவிட்டு வந்து நான் முதலில் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பாய். சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் மாடியறை ஜன்னலை ஆணி அடித்து மூடினேன். அன்று சாயங்காலம் அவளிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். "ஜன்னல் என்னங்க பண்ணுச்சு? குழாயை இல்ல கழட்டணும்" என்றாள். இத்தனை வருடம் தொழில் செய்கிறவனுக்கு அது தோன்றவில்லை.

இன்னொன்றும் செய்தேன். பின்னறையில் ஃபார்மலின் கேனைத் திறந்து, நீ சொன்ன அந்த அம்மாவை நினைத்துக்கொண்டு குனிந்து மோந்து பார்த்தேன். கண் எரிந்தது. தொண்டை எரிந்தது. வாசனை இல்லை. தண்ணீர்ப் பானையை மோந்தது மாதிரி இருந்தது. சோப்பு, மண்ணெண்ணெய், அவள் தலைக்கு வைக்கிற எண்ணெய், எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக மோந்தேன். ஒன்றுமே இல்லை. பால் தீய்ந்தது பேப்பர் படித்ததால் இல்லை மூக்கி. உன்னிடம் அதை நான் தமாஷாக எழுதினேன்.

இப்போது குழாய் விஷயம். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ கண்டுபிடி, கொண்டுவந்து நிறுத்து என்று எழுதிவிட்டாய். போனிலும் இரண்டு தடவை கேட்டாய். நான் மழுப்பினேன். எத்தனை நாள் மழுப்புவது? வேறு யார் வாயிலாவது நீ கேட்பதைவிட நான் சொல்வது மேல்.

பதினாறு வருடத்துக்கு முன்னால் நீ விடுமுறைக்கு வந்திருந்தாய். முற்றத்தில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அப்போது குழாய் அந்தப் பக்கம்தான். நீ அப்பாவிடம் போய், "பாவம்ப்பா, அவங்க துக்கத்துல அழல, உங்க குழாயால அழறாங்க. பின்பக்கம் எங்கேயாவது திருப்பி விடுங்க" என்றாய். அப்பாவுக்கு ஒரே பெருமை. "எம்பொண்ணு மூக்கைப் பாருடா" என்றார். மறுநாளே தகரக்காரரை வரவழைத்தார். நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ அதற்குள் ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டாய். மாடியறை அப்போது பழைய சாமான் போடுகிற இடம். அங்கே ஒரு ஆள் தூங்குவார் என்று யாருக்குத் தோன்றும்?

இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. சத்தியமாக.

அண்ணன்


மார்ச் 22

அண்ணா,

உன் கடிதத்தை ஆபீசில் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. கூட வேலை பார்ப்பவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிற வரைக்கும் நான் நின்றுகொண்டே இருந்தது எனக்கே தெரியவில்லை.

எனக்கு அது ஞாபகமே இல்லை. ஒரு துளி ஞாபகம்கூட இல்லை. நீ எழுதிய வார்த்தைகளைப் படித்தால் என் வாய் பேசுகிற மாதிரியே இருக்கிறது, நான் சொல்லக்கூடிய வார்த்தைகள்தான். ஆனால் சொன்ன நாள் மனசில் இல்லை. ஒரு வாக்கியம். சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போயிருக்கிறேன். திரும்பிவந்து அவர்கள் அதை எங்கே திருப்பினார்கள் என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊரில் இருக்கிற குழாய்களை எல்லாம் அண்ணாந்து பார்ப்பதுதான் என் வேலை.

அப்பாவைப் பற்றி நீ எழுதவில்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறாய் என்று தெரிகிறது. வேலையை உன்னிடம் விட்டுவிட்டு அப்பா கடைசி நாலு வருடம் அந்த அறையில்தான் இருந்தார். ஓய்வாக இருக்கட்டும், காற்றாட இருக்கட்டும் என்று நாம்தான் சாமான்களை ஒழித்துக் கட்டில் போட்டுக் கொடுத்தோம். மூக்கில் கட்டி வந்தது அந்த அறையில். பின்னறைதான் கொன்றது என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேனே. பின்னறைக் காற்றை அவர் தலைமாட்டுக்கு அனுப்பி வைத்தது யார்? இதற்கும் அந்த டாக்டர் சொன்ன பதில்தான், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பதிலை மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை நானே சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. அப்பா படுத்திருந்தபோது நான் லீவு போட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கண் எரியும், தண்ணீர் வரும். அழுகிறேன் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்து, "அழாதம்மா" என்று கையைப் பிடித்துக்கொள்வார். நான் எழுந்துபோய் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு வருவேன்.

முற்றத்தில் நின்றவர்கள் துக்கத்தில் அழவில்லை என்று பத்தொன்பது வயதில் கண்டுபிடித்தவளுக்கு, முப்பத்திரண்டு வயதில் தன் கண் ஏன் எரிகிறது என்று தெரியவில்லை.

அண்ணியிடம் நீ இதைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லிவிடு. குழாயைத் திருப்பச் சொன்னது நான், ஜன்னலைத் திற என்று இரண்டு கடிதத்திலும் எழுதியதும் நான். எதையும் மழுப்பாதே. அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசாவிட்டாலும் சரிதான் என்று எழுத வருகிறது, ஆனால் சரியாக இருக்காது. பேசாமல் போய்விடுவாரோ என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பின்னறைக்கு வேண்டியதை வரைந்து இணைத்திருக்கிறேன். இப்போது ஃபேன் கூரையில் இருக்கிறது, ஆவி உன் முகத்தைத் தாண்டித்தான் மேலே போகும். உறிஞ்சும் வாய் மேஜைக்குப் பக்கத்தில் தாழ்வாக இருக்க வேண்டும். வெளிக்குழாய் கூரைக்கு மேலே ஆள் உயரம் போக வேண்டும், எந்த ஜன்னலுக்கும் பக்கத்தில் இல்லாமல். உள்ளே ஆள் இருக்கிறவரை ஃபேனை நிறுத்தக் கூடாது. சிவப்பு விளக்கைக் கழற்றிவிடு. மற்ற ஊரில் எல்லாம் சிவப்பு விளக்கு எரிந்தால் ஆபத்து என்று ஓடுவார்கள். நம் வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தோம்.

ஒரு மூக்கு டாக்டரைப் போய்ப் பார். கெஞ்சிக் கேட்கிறேன்.

மூக்கி என்று கையெழுத்துப் போட இன்றைக்கு மனசு வரவில்லை.

உன் தங்கை


ஏப்ரல் 19

மூக்கி,

அந்தப் பேரை நீ போடாவிட்டால் நான் போடுவேன்.

உன் படத்தை வைத்து வேலை முடிந்துவிட்டது. ஐந்து வாரம் பூட்டிக் கிடந்தோம். பழைய குழாயைக் கழற்றிக் கீழே இறக்கியபோது ஒரு சின்னப் பிள்ளை உயரம்தான் இருந்தது. இதுவா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். புதுக் குழாய் கூரைக்கு மேலே போகிறது. உறிஞ்சும் வாய் மேஜைக்குப் பக்கத்தில். விதிப்பலகையைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்து எதிர்ச்சுவரில் மாட்டினேன். மாட்டும்போது முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். ஃபேனை நிறுத்தக் கூடாது என்று நாலாவது வரியிலேயே இருக்கிறது.

மூக்கு டாக்டரையும் பார்த்தேன். கட்டி எதுவும் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார். வாசனை திரும்புமா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

திறந்த முதல் நாளே ஒரு குடும்பம் வந்தது. கூடத்தில் அவர்கள், பின்னறையில் நான், ஃபேன் ஓடுகிறது. முப்பது வருடத்தில் முதல் தடவை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அரை மணி கழித்து இறந்தவரின் மனைவி வரவேற்பறை அக்காவிடம், "என்னம்மா சத்தம் அது?" என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "உள்ள வேலை செய்றவங்களுக்குக் காத்து வேணும்ல, அதுக்கு" என்றிருக்கிறார். அந்த அம்மா, "ஓகோ" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கணவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாராம். அவ்வளவுதான். இந்த "ஓகோ"வுக்குப் பயந்துதான் அப்பாவும் நானும் இத்தனை வருடம் ஃபேனை நிறுத்தினோம்.

உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை, நேரில். நீ சொன்னபடி எதையும் மழுப்பவில்லை. உன் கடிதத்தையே அவள் கையில் கொடுத்தேன்.

அவள் படித்தாள். மடியில் ஒரு சின்னத் துண்டு வைத்திருந்தாள், குழந்தைக்கென்று தைத்தது. அதை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். உன்னைத் திட்டுவாள், எழுந்து உள்ளே போய்விடுவாள், என்னைப் போகச் சொல்வாள், என்னவெல்லாமோ நினைத்தேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவளுக்கு அப்ப பத்தொம்போது வயசு. எங்க திருப்பினாங்கன்னு அவ பார்க்கவே இல்ல. நான் மூணு வருஷமா அங்கேயே இருந்தேன். அவ கடிதம் வர்றதுக்கு முன்னாடியே தினமும் காலையில எழுந்து அந்த ஜன்னலைத் திறந்தது நான்தான். கண்ணு எரியும். எரிஞ்சா, அறை புழுங்குது, காத்து பத்தலைன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் நல்லா அகலமாத் திறப்பேன்."

பிறகு கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள்.

ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. பிள்ளை நன்றாக உதைக்கிறது. அதற்குமேல் டாக்டரிடம் எதையும் கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

பேட்ஜைத் தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டு வா. எங்கே மாட்ட வேண்டுமோ உன் கையால் மாட்டு. நான் அதைத் தொடவே மாட்டேன். வாசற்படியை மிதிக்காதே என்று சொன்னவன் நான்தான், நானே வந்து உன்னை ஸ்டேஷனிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஜன்னலில் அடித்த ஆணிகளை நேற்றுப் பிடுங்கிவிட்டேன். ஜன்னல் கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது. நீ அளந்து பார்த்துச் சரி என்று சொன்னால் திரும்பி வருகிறேன் என்கிறாள் உன் அண்ணி. ஆனால் அந்த ஜன்னலை அவள் திறக்க மாட்டாளாம். என்னையும் திறக்கக் கூடாது என்கிறாள். நீதான் வந்து திறக்க வேண்டுமாம்.

அண்ணன்